ஜன்னலை மறைத்த மூட்டைகள்

அன்புள்ள மகனுக்கு,

தை பிறந்ததும் நீங்கள் எல்லோரும் கப்பலேறிவிடுவீர்கள் என்று மருமகள் எழுதியிருந்தாள். இங்கே வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை. உப்பளப் பாத்திகள் எல்லாம் மழைத் தண்ணீரில் முங்கிக் கிடக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், பாத்தி எது வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வரப்பின்மேல் நடந்து போகிறவர்கள் மேகத்துக்குள் நடந்து போவதுபோல இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதவில்லை. நாலைந்து நாளாக, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவருகிறேன். நடுவில் கண் அயர்ந்துவிடுகிறது. விழித்துப் பார்க்கும்போது, தாளில் எழுதியது எது, தூக்கத்தில் உன்னிடம் பேசியது எது என்று எனக்கே குழம்பிப்போகிறது. சொன்னதையே இரண்டாம் முறை சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்.

வந்ததும் நீ உன் அப்பாவின் நாற்காலியில் உட்காரப் போகிறாய். ஏழு வருடம் கொழும்பில் பெரிய கம்பெனியில் வேலை பழகியவன் நீ. தொழிலைப் பற்றி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருத்தி, உன் அப்பா போன பிறகு பத்து வருடம் இந்தச் சரக்குக் கிட்டங்கியை நடத்தியதில் என்னென்ன தப்புச் செய்தாள் என்று உனக்குத் தெரியவேண்டும். நேரில் சொல்ல ஆரம்பித்தால் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழுந்துவிடுவாய். கடிதத்திலிருந்து அப்படி எழுந்து போக முடியாது.

அப்பாவை அடக்கம் செய்து பத்தாம் நாள் நான் முதன்முதலாகக் கிட்டங்கிக்குள் போனது இப்போதும் ஒரு கனவுபோல நினைவிருக்கிறது. நீ பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாய். அதுவரை நான் வாசலோடு திரும்பியவள். உள்ளே நாற்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து நிலாவாரை இலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். காம்பு, காய், பழுத்த இலை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு நல்ல இலையை மட்டும் குவிக்கிற வேலை. மேற்கே இரண்டு ஜன்னல் வழியாகவும் வெயில் சரிந்து விழுந்தது. இலைத்தூசி அந்த வெளிச்சத்தில் பச்சைப் பச்சையாக மிதந்தது. கடலுக்கு அடியில் போய்விட்டால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். வயிறு இளகுவதற்காக சீமையில் வாங்கிக் குடிக்கிற இலை அது. சீமைக்காரனுக்கு மலச்சிக்கல் இருக்கும்வரை நம் வீட்டில் அடுப்பு எரியும் என்று உன் அப்பா சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு நாற்பது முகங்களும் என்னை நிமிர்ந்து பார்த்தபோது அந்தச் சிரிப்புத்தான் ஞாபகத்துக்கு வந்து அழுகை முட்டியது. அப்போது ஒருத்தி எழுந்து வந்து, கையிலிருந்த முறத்தைக் கவிழ்த்துப் போட்டு, “இங்கன உக்காருங்கம்மா” என்றாள். அவள்தான் மாடத்தி.

மாடத்தியை உனக்கு நினைவிருக்கும். காதில் பாம்படம் ஆட, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவாளே, அவள்தான். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். உன் தாத்தா காலத்திலேயே கிட்டங்கியில் சேர்ந்துவிட்டாள். புருஷன் மூட்டை சுமந்தான், சீக்கிரம் செத்தும் போனான். அந்த வேலையில் இருந்துகொண்டே ஒரு மகனை வளர்த்து, தோணி வேலையில் சேர்த்து, கல்யாணமும் செய்துவைத்தாள். அவளைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேறொன்றும் கிடையாது. எல்லோரையும்போல வருவாள், பிரிப்பாள், போவாள்.

பிறகு சீமையில் சண்டை வந்தது. நீ கொழும்புக்குப் போன வருடம் கப்பல்கள் குறைந்தன. அடுத்த வருடம் மாதக்கணக்கில் ஒன்றுகூட வரவில்லை. நம் கடல் ஆழமில்லாத கடல். கப்பல் வந்தாலும் தொலைவில்தான் நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றவேண்டும். அந்தத் தோணிகளெல்லாம் கரையில் ஏறிப் படுத்துவிட்டன. விவசாயிகள் பறித்த இலையை என்ன செய்வார்கள்? வண்டி வண்டியாக வந்துகொண்டே இருந்தது. வாங்காமல் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிரித்து, அழுத்தி, மூட்டை கட்டி, கிட்டங்கிக்குள் அடுக்கினோம். அடுக்கு ஆளுயரம் வந்தது, பிறகு உத்திரம் வரைக்கும் போனது.

அந்த நாளில் ஒரு காலையில் கணக்குப்பிள்ளை ஞானமுத்து அண்ணாச்சி என்னிடம் வந்தார். உன் அப்பாவுக்கு அவர் வலது கைபோல இருந்தவர். அதிர்ந்து பேசமாட்டார்.

“அம்மா, மாடத்தி பிரிச்ச எலையில காம்பு கெடக்கு. நேத்தும் கெடந்துது, இன்னைக்கும் கெடக்கு. அவளுக்குக் கண்ணு போயிட்டு. போன தடவை அனுப்புன சரக்குல குப்பை இருக்குன்னு ஏஜெண்டு எழுதியிருக்கான்லா, அது இவ வேலையாத்தான் இருக்கும்.”

“என்ன வயசிருக்கும் அவளுக்கு?”

“அவளுக்கே தெரியாது. அறுவது தாண்டியிருக்கும். நிப்பாட்டிருவோம்மா.”

நிப்பாட்டுவது என்கிற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் நல்லவள் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு உண்டு. அதனால் அழகாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் நிற்கச் சொல்லி, மாடத்தியை முன்னால் கூப்பிட்டு, அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசி, ஒரு சுங்கடிச் சேலையைக் கையில் கொடுத்தேன். இனி நீ கஷ்டப்பட வேண்டாம், வீட்டில் நிம்மதியாக இரு, வாரா வாரம் அரிசி உன் வீடு தேடி வரும் என்றேன். அரிசி கிடைக்காத காலம் அது. அதைவிடப் பெரிய காரியம் எவள் செய்வாள் என்று எனக்குள் ஒரு பெருமை. அன்றைக்கே உனக்கும் அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன். மாடத்தி சேலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். “சரிம்மா” என்றாள். மற்ற பெண்கள் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வாசல்காவல் அந்தோணி வந்தான். சங்கு குளித்துக் குளித்துக் காது போனவன் அவன். தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, “அம்மா, மாடத்தி எதுத்தாப்புல வந்து உக்காந்திருக்கா” என்றான். எட்டிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தடியில், நம் வாசலைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலையை உடுத்தியிருக்கவில்லை. காலை மணி அடிக்கும்போது வந்தவள், சாயங்கால மணி அடித்ததும் எழுந்து, மற்ற பெண்களோடு சேர்ந்து பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். என்னை அவமானப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. இரண்டு வாரம் அவள் பக்கம் திரும்பாமல் நடந்தேன். ஆனால் கோபத்தோடு தூங்கினால் கனவில் அவள் வந்து அதே மரத்தடியில், அதே மாதிரி உட்கார்ந்திருப்பாள். கனவிலும் பேசமாட்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், தெருவைத் தாண்டிப் போனேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முட்டு ஒத்துழைக்கவில்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மாடத்தி, இங்க ஏன் வந்து உக்காந்திருக்க? அரிசி ஒழுங்கா வரலையா?”

“வருதும்மா. ஒரு வாரங்கூடத் தப்பல.”

“அப்போ வீட்டுல இருக்க வேண்டியதுதானே.”

“வீட்டுல எங்கன இருக்க? மருமவ தூத்துப் பெருக்கும்போது அங்கிட்டு நவுருங்கா. துணி காயப் போடும்போது இங்கிட்டு நவுருங்கா. அவ மேல குத்தமில்ல. அங்க என்ன எடமா கெடக்கு?” வெற்றிலையை மறுகன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு மறுபடி சொன்னாள். “அரிசிய அவதான் வாங்கி வைக்கா. எனக்கும் தட்டுல போடுதா, கொறை வைக்கல. ஆனா முன்னால நான் கொண்டுபோயிப் போட்டேன், எல்லாரும் தின்னாவ. இப்பம் எனக்குப் போடுதாவ, நான் திங்கேன். காலையில எந்திரிச்சா கால் தன்னால இங்கனதான் வருது. நான் கூட்டிட்டு வரல.”

“உனக்குக் கண்ணு தெரியலையே மாடத்தி. காம்பு கெடக்குன்னு அண்ணாச்சி சொன்னாவ” என்றேன்.

“கண்ணு மங்கல்தான், இல்லங்கல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளாம்மா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா. மேக்க உள்ள ஜன்னல் ரெண்டையும் மூட்ட அடைச்சுட்டு. கெழக்க உள்ளதுலயும் பாதிதான் தெறந்திருக்கு. நாங்க இருட்டுல இருந்து எலை பொறுக்குதோம். என் கண்ணு பாதிய மறைக்கு. மீதிய உங்க மூட்ட மறைக்கு.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் எழுந்து நேராகக் கிட்டங்கிக்குள் போனேன். பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடத்தி வழக்கமாக உட்காருகிற இடத்தில், தரையில் உட்கார்ந்து, ஒரு கை இலையை எடுத்துப் பார்த்தேன். மகனே, அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது, கண் நன்றாகத் தெரிந்த காலம். காம்பு எது இலை எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வந்த முதல் நாள் கடலடிபோலப் பச்சையாக இருந்த இடம் என்று மேலே எழுதினேனே, அது ஒரு கிணறுபோலக் கிடந்தது. தினமும் இரண்டு தடவை அதற்குள் நடந்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஐந்து பேருடைய குவியலிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து வெளியே வெயிலில் பரப்பச் சொன்னேன். ஐந்திலும் காம்பு கிடந்தது. அதில் ஒருத்திக்கு இருபது வயது. அண்ணாச்சி ரொம்ப நேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே மாடத்தியிடம் போய், நாளையிலிருந்து உள்ளே வா என்றேன். “சேலையத் திருப்பித் தந்துரணுமாம்மா?” என்று கேட்டாள். வேண்டாம், அது உனக்குத்தான் என்றேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

மூட்டைகளை இறக்கி நம் வண்டிக் கொட்டகைக்கு மாற்றினோம். வில்வண்டி மழையில் நனைந்து வீணாய்ப் போனது என்று நீ வருத்தப்பட்டாய் அல்லவா, அது இதனால்தான். ஜன்னல்கள் திறந்த அன்று பெண்கள் கண் கூச ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். உடைந்த தோணி ஒன்றின் பலகையை வாங்கி, தச்சனை வைத்து, உட்கார்ந்து பிரிக்கும்படி பெஞ்சும் உயரமான பலகையும் செய்யச் சொன்னேன். முதலில் வயதான ஆறு பேருக்கு மட்டும்தான். மூன்றாம் நாளே இளம்பெண் ஒருத்தி, “எங்க முட்டு மட்டும் என்ன இரும்பாம்மா?” என்று கேட்டுவிட்டாள். நியாயம்தானே. எல்லோருக்கும் செய்தோம். கிழவிகளுக்கென்று தொடங்கியது கடைசியில் எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது. எடைக்குக் கூலி என்றிருந்ததை, வயதானவர்களுக்கு மட்டும் நாள்கூலி என்று மாற்றினேன். அண்ணாச்சிக்கு அதில் சம்மதமில்லை. “ஒழுங்கு கெட்டுப்போவும்மா” என்றார். கொஞ்சம் கெட்டுத்தான் போனது. முணுமுணுப்பு வந்தது, இரண்டு பேர் வேறு கிட்டங்கிக்குப் போனார்கள். அதையும் மறைக்காமல் உனக்குச் சொல்கிறேன்.

இதெல்லாம் செய்து முடித்தபிறகும் நான் புத்தி வந்தவளாகிவிடவில்லை. கண்ணுக்கு அதிகம் வேலையில்லாத வேலை என்று நானாகவே நினைத்து மாடத்தியைச் சாக்குத் தைக்க உட்காரவைத்தேன். ஒரு வாரம் கோணி ஊசியால் விரலையெல்லாம் குத்திக்கொண்டாள். வந்து கையை நீட்டிக் காட்டி, “மறுபடியும் கேக்காமப் போயிட்டியளேம்மா” என்றாள். கேட்டேன். சல்லடையில் இலைத்தூசி சலிக்கிற வேலை போதும், மதியம்வரை போதும், அதற்குமேல் உடம்பு தாங்கவில்லை என்றாள். ஆலந்தலையிலிருந்து வந்து குடியேறிய சூசையம்மாளுக்குப் புருஷன் படுத்த படுக்கை. அவளுக்குக் காலையில் வர முடியாது. இரண்டு பேரும் ஒரு சல்லடையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மதிய மணி அடிக்கும்போது ஒருத்தி எழுவாள், மற்றவள் உட்காருவாள். நடுவில் வெற்றிலை கைமாறும்.

மாடத்தியிடம் ஏதோ அபூர்வத் திறமை ஒளிந்திருந்தது, அதை நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதே. அப்படி ஒன்றும் இல்லை. கடைசிவரை மெதுவாகத்தான் வேலை செய்தாள். மெதுவாகச் செய்கிறவளுக்கும் ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான். நாலு வருடம் கழித்து ஒரு மதியம் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“நாளையில இருந்து வரலம்மா.”

“ஏன், உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. போதும்னு இருக்கு. தம்பி வீட்டுல போயி ஆத்துல குளிச்சிக்கிட்டு இருக்கலாம்னு நெனைக்கேன். நீங்க சொல்லி நான் போகலியேம்மா, நானாச் சொல்லுதேன்.”

சொல்லிவிட்டு, நல்ல நாளில் கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவள்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். இப்போது ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறாள். இலை வண்டிக்காரர்கள் வழியாக நம் சங்கதியெல்லாம் விசாரித்து அனுப்புகிறாள்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் இசக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் உன்னிடம் பொய் சொன்னதாகிவிடும். மாடத்தி காரியம் நல்லபடி முடிந்த தைரியத்தில் எது முடியும் எது முடியாது என்று எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன். மூட்டை சுமக்கிற இசக்கியையும் கேட்டேன். அவனுக்கும் அறுபது இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் அவன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். “இன்னும் தூக்க முடியுதா இசக்கி?” என்றேன். “முடியுதும்மா, நல்லா முடியுது” என்றான். கேட்டுவிட்டேன், அவனும் சொல்லிவிட்டான் என்று விட்டுவிட்டேன். சண்டை முடிந்து முதல் கப்பல் வந்த ஆவணியில், தோணிக்குப் போட்ட பலகையில் மூட்டையோடு வழுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். “ஏன் இசக்கி, முடியலன்னா சொல்லியிருக்கலாமே” என்றேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “முடியலன்னு சொன்னா அப்புறம் எனக்கு வேலை ஏதும்மா?”

அந்த வாக்கியம் பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மாடத்தி என்னிடம் உண்மையைச் சொன்னதற்குக் காரணம், அவளிடம் இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் நான் ஏற்கனவே பிடுங்கியிருந்தேன். இசக்கிக்கு இழக்க வேலை இருந்தது. கேட்டால் மட்டும் போதாது மகனே. ‘முடியாது’ என்று சொன்னாலும் தன் இடம் போகாது என்று கேட்கப்படுகிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அது தெரியாதவனிடம் கேட்கிற கேள்வி மிரட்டலுக்குச் சமம். இசக்கி இப்போது கம்பூன்றி நடக்கிறான். வாசலில் அந்தோணிக்குத் துணையாக இருந்து சாக்கு எண்ணி வாங்குகிறான். அவன் விழுவதற்கு முன்னாலேயே அந்த வேலையை நான் அவனுக்குக் கொடுத்திருக்கலாம். இரண்டு கால்களோடு செய்திருப்பான். பளு தூக்குகிறவனை அறுபதிலும் தூக்கிக்கொண்டே இரு என்று விடுவதும் ஒரு கொடுமைதான். அன்பு என்று பேர் வைத்துக்கொண்டு அதையும் செய்திருக்கிறேன்.

போன மாதம் உன் கடிதம் வந்தது. கிட்டங்கி ஆட்களின் பெயரையும் வயதையும் எழுதி, ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டவர்களைத் தனியாகக் குறித்து அனுப்பும்படி அண்ணாச்சியிடம் சொல்லச் சொன்னாய். உங்கள் கம்பெனியில் அந்த வயது வந்ததும் ஒரு விருந்து வைத்து, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், கச்சிதமான ஏற்பாடு என்றும் எழுதியிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. சுங்கடிச் சேலை கொடுத்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். பதினோரு பெயர் இருந்தது. பன்னிரண்டாவது வரியில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை.

“இது யாரு அண்ணாச்சி?”

“எனக்கு இந்தச் சித்திரையோட அறுவத்தி மூணும்மா. என் பேரையும் எழுதணுமான்னு கேக்க வந்தேன்.”

அவருடைய தோளுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன். ஒரு வருடமாகவே எனக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. காலையில் கடலின்மேல் பனி மூட்டம் நிற்குமே, அதற்குள் ஆட்கள் வருவதும் போவதும்போல இருக்கிறது. சில சமயம் அது அழகாகக்கூட இருக்கிறது, தெருவில் போகிற யாரைப் பார்த்தாலும் உன் அப்பாபோலத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிவிடுவார்களே என்கிற பயம். அந்தப் பயம் வந்த பிறகுதான் இசக்கியை எனக்கு முழுசாகப் புரிந்தது.

“உக்காருங்க அண்ணாச்சி” என்றேன். முப்பது வருடமாக அந்த அறையில் அவர் உட்கார்ந்ததில்லை. வற்புறுத்தி உட்காரவைத்தேன். “உங்க பேருக்கு மேல என் பேரை எழுதுங்க. எனக்கு அம்பத்தஞ்சு ஆக இன்னும் ஒரு வருசம் கிடக்கு. இருந்தாலும் எழுதுங்க. எழுதிட்டு, என்னால எது முடியும் எது முடியாதுன்னு நீங்களே என்னைக் கேளுங்க” என்றேன்.

“நான் எப்பிடிம்மா உங்களக் கேக்க?”

“கேளுங்க.”

அவர் கேட்டார். நான் முதலில் முடியாததைச் சொன்னேன். கண்ணைச் சொன்னேன். சாயங்காலம் ஆனால் எழுத்துத் தெரிவதில்லை, கடிதங்களை யாராவது வாசித்துக் காட்டவேண்டும். பகல் தூக்கம் இல்லாமல் முடிவதில்லை, சில நாள் அதற்குப் பிறகு புத்தி தெளிய நேரமாகிறது. பிறகு முடிவதைச் சொன்னேன். காலையில் நாலு மணி நேரம் நன்றாக வேலை செய்வேன். எந்தப் பெண் எதனால் வாடியிருக்கிறாள் என்று குரலிலேயே தெரியும். இலை கொண்டுவருகிறவர்களோடு சண்டையில்லாமல் பேசுவேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு காலத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து, கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்: “எனக்குக் கை நடுங்குதும்மா. நாலு மாசமாச்சி. வீட்டுல மவன்ட்ட குடுத்துத்தான் திருத்தி எழுதிட்டு வாரேன்.”

அன்று பகல் நாங்கள் இரண்டு பேரும் வேலை ஒன்றும் பார்க்கவில்லை. தோணிகள் பாய் விரித்துக் கிளம்புவதை ஜன்னல் வழியாக அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த எட்டு நாளும் மற்ற பதினோரு பேரையும் ஒருவர் ஒருவராக உட்காரவைத்து, முதலில் எங்கள் இருவரின் முடியாமையைச் சொல்லி, அதற்குப் பிறகு அவர்களுடையதைக் கேட்டோம். நீ கேட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். வயதுக்குப் பக்கத்தில் அவரவர் சொன்னதும் எழுதியிருக்கிறது. கோணல் எழுத்தாக இருந்தால் அது அண்ணாச்சியுடைய கை. இந்தத் தடவை யாரிடமும் கொடுத்துத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கிட்டங்கியில் நீ எதை மாற்ற நினைத்தாலும் மாற்று. புது எந்திரம் கொண்டுவா, புது ஆட்களைச் சேர். எல்லோரையும் வைத்துக்கொள் என்றும் நான் சொல்லவில்லை. போகிறவர்கள் போகிற நாளைத் தாங்களே சொல்லிப் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். நீ வந்து இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, “இத்தனை நாள் பாடுபட்டது போதும், இனி ஓய்வெடுங்கம்மா” என்று சொல்லத்தான் உனக்குத் தோன்றும். பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். அன்று ஒரு நாள் அதைச் சொல்லாதே. மறுநாள் காலை அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கும் எதிரே ஒரு நாற்காலி போடச் சொல்லி, மற்றவர்களைக் கேட்பதுபோல என்னையும் கேள். நான் பயப்படாமல் பதில் சொல்லும்படி கேள்.

உன் அம்மா